மூன்று வாசல் வைத்த கோழி வளவு

என் மகனுக்கு உம்மாவின் ஸலாம். தினமும் பகலில் வந்து என் கையால் சோறு தின்றுவிட்டுப் போகிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். சிரி. நேரில் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். நீ ஒரு கையில் சோறும் ஒரு கையில் போனுமாக, "ஓம் உம்மா, சரி உம்மா" என்று எழும்பிவிடுகிறாய். நான் சொல்ல வந்தது அந்தச் 'சரி'க்குள் அடங்குகிற சங்கதி இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை உன் கோழிகளை நிந்தவூருக்கு, ஹஸ்னாவின் வீட்டு வளவுக்கு அனுப்பப் போகிறேன். கலியாணம் முடிந்த நாளிலிருந்து நீ கேட்டுக்கொண்டிருந்தாய், நான் ஏலாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன், இப்போது ஏன் தருகிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். உன்னைக் கொஞ்சம் புகழவும் வேண்டியிருக்கிறது. முகத்துக்கு நேரே புகழ எனக்கு வராது, அது உனக்கே தெரியும்.

ஊரடங்குக் காலத்தில் பஸாரில் உன் போன் திருத்துகிற கடை பூட்டிக் கிடந்தபோதுதான் இந்தக் கோழிப் பைத்தியம் உனக்குப் பிடித்தது. யாரோ கொடுத்த குஞ்சுகளைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு வந்தாய். தொழுகிற தொப்பியில் கோழிக்குஞ்சா என்று நான் போட்ட சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. கல்முனைக்குடியில் நம் வீடு இருக்கிற இடம் கோழி வளர்க்கிற இடமா? சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், முன்னால் ஓட்டோ போகிற ஒழுங்கை, பின்னால் கழிவுத் தண்ணீர் ஓடுகிற கான். ஆனாலும் அவை வளர்ந்தன. கோழியென்றால் திரியத்தான் செய்யும், அதற்கு அல்லாஹ் காவல் என்று நான் சொல்வேன். அறுக்க வேண்டுமென்றால் மட்டும் பிடித்துக் கட்டி, மூன்று நாள் சுத்தமான நெல்லும் தண்ணீரும் கொடுத்து, கானில் கொத்தினதெல்லாம் வயிற்றைவிட்டுப் போன பிறகு அறுப்போம். எங்கள் வீடுகளில் வழக்கம் அதுதான். அந்த மூன்று நாளைத் தவிர கோழிக்கு மனிதனின் காவல் எதற்கு என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. நீ யோசித்தாய்.

வெள்ளைப் பேட்டை நாய் பிடித்த பகல் உனக்கு நினைவிருக்கும். கடையிலிருந்து சோற்றுக்கு வருகிறாய், ஒழுங்கை முனையில் இறகு கிடக்கிறது. "ஒரு கோழிதானே மகன், இன்னொண்டு வாங்குவம்" என்று நான் ஆறுதல் சொன்னேன். நீ சோற்றில் கை வைக்கவில்லை. மிச்சக் கோழிகளையெல்லாம் பிடித்துக் கூட்டுக்குள் அடைத்தாய். அவை உள்ளே நின்று கத்தின. பிறகு கத்துவதையும் விட்டுவிட்டு ஒன்றின் முதுகை ஒன்று கொத்தி இறகைப் பிடுங்கத் தொடங்கின. அதைப் பார்த்துவிட்டு நீயே கூட்டைத் திறந்துவிட்டாய். உன் வாப்பா, "என்னடா, நாய்ப் பயம் போயிட்டா?" என்று கேட்டார்.

"போகல்ல வாப்பா. அடைச்சு வெச்சா உசிரு இரிக்கும், ஆனா அது கோழி இல்ல. மண்ணக் கிண்டணும், பூச்சி பிடிக்கணும், வெயில்ல செட்டைய விரிச்சிட்டுப் படுக்கணும். நாயும் வரப்படாது. அப்பிடி ஒரு எடம் வேணும். நமக்கிட்ட அது இல்ல" என்றாய்.

"கோழிக்குப் பூங்கா கட்டப் போறாராம்" என்று நான் கேலி செய்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது. வாயில்லாத ஒன்றுக்கு என்ன வேண்டும் என்று அதன் பக்கத்தில் நின்று யோசிக்கிற பிள்ளை எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

பிறகு உன் கலியாணம். நம் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளைதான் போக வேண்டும். என் வாப்பா எனக்குத் தந்த இந்த வீட்டுக்கு உன் வாப்பா ஒரு பெட்டியோடு வந்தார். நீயும் ஒரு பெட்டியோடு ஹஸ்னாவின் வீட்டுக்குப் போனாய். ஆண்பிள்ளை பெறுகிற தாய்மார் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் உன் கட்டில் விரிப்பை மாற்றுகிறபோது அழுதேன். உன் கோழிகள் மட்டும் இங்கே நின்றன. அவற்றுக்குத் தீன் போட, லுஹர் தொழுதுவிட்டு நீ தினமும் வருவாய். வந்த கையோடு சோறும் தின்பாய். இப்போது விளங்குகிறதா நான் ஏன் ஏலாது என்றேன் என்று? கோழி இங்கே நிற்கும்வரை மகன் வருவான் என்பதுதான் என் கணக்கு. உன்னிடம் வேறு கதை சொன்னேன்.

"பத்திரமான எடம் கட்டு. நாய் நுழையப்படாது, கீரி நுழையப்படாது, பருந்து எறங்கப்படாது. நான் வந்து பாத்து, என்ட மனசு சரியெண்டு சொன்னாத்தான் தருவன்" என்றேன். நீ கட்ட மாட்டாய் என்று நினைத்துத்தான் சொன்னேன். புது மாப்பிள்ளை பெண் வீட்டு வளவில் ஒரு முளை அடிப்பதென்றாலும் நாலு பேர் முகத்தைப் பார்க்க வேண்டும். நீயோ சரி என்று சிரித்துவிட்டு, அடுத்த லீவு நாளே வேலிக்கு நடுகிற கதியால் வெட்டப் போய்விட்டாய்.

அந்த முதல் வேலி நல்ல வேலி மகன். போனில் நீ அனுப்பிய படத்தைப் பார்த்து வாப்பா, "என்ன நேர் பாத்தியா, நூல் பிடிச்ச மாதிரி" என்றார். ஹஸ்னாவின் வீட்டுப் பின்பக்கத்தைச் சுற்றி கதியால் நட்டு, கம்பிவலை இழுத்து, ஒழுங்காக முடித்திருந்தாய். ஆனால் அது என்ன வளவு என்பதை மறந்துபோனாய். ஹஸ்னாவின் வாப்பாவுடைய ஒரே வளவு அது. மூன்று பெண்பிள்ளைகளுக்கும் பக்கத்தில் பக்கத்தில் மூன்று வீடு கட்டிக் கொடுத்தார். மூத்தவள் பரீதா ஒரு பக்கம், கடைசிப் பிள்ளை றிஸ்னா மறுபக்கம், நடுவில் உன் ஹஸ்னா. முன்னால் மூன்று கேட், பின்னால் ஒரே வெளி. ஒருத்தி சமைக்கிற குசினியிலிருந்து மற்றவள் குசினிக்குப் பின்னாலேயே போய் வருவார்கள். நம் ஊர்களில் சகோதரிகளின் வளவுக்கு நடுவில் வேலி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர்கள் கோபம், கதை பேச்சு இல்லை. நீயோ ஒன்றுமே நடக்காத மூன்று சகோதரிகளுக்கு நடுவில், அதுவும் நடு வீட்டைச் சுற்றி, வேலி அடித்துவிட்டு நிற்கிறாய்.

மறுநாள் பரீதா ஒரு பீங்கானில் வட்டிலப்பம் எடுத்துக்கொண்டு வழக்கம்போலப் பின்னால் வந்தாளாம். வேலியைக் கண்டு நின்றாளாம். திரும்பிப் போய், முன் கேட் வழியாக இறங்கி, ரோட்டைச் சுற்றி வந்து, படியில் பீங்கானை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாளாம். பின்னேரம் அஸர் தொழுகைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, ஹஸ்னாவின் மாப்பிள்ளை வளவைப் பிரித்துவிட்டார் என்று. உன் மாமி எனக்குப் போன் எடுத்தார். ஹஸ்னாவைப் பெற்றவர், நல்ல மனிசி, சத்தம் போடவில்லை. "மச்சி, நான் மவுத்தாகினத்துக்குப் பொறகு பிரிச்சிரிக்கலாமே. நான் உசிரோட இரிக்கக்குள்ள எதுக்கு?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் அவர் சத்தமே போட்டிருக்கலாம்.

நான் விட்டேனா? "அது கோழிக்கு அடிச்ச வேலி மச்சி, ஆக்களுக்கு இல்ல!" என்றேன். போனை வைத்த பிறகும் கொதித்துக்கொண்டுதான் இருந்தேன். மறுநாள் பகல் நீ வந்தாய். முகம் வாடியிருந்தது. கோழிக்குத் தீன் போட்டுவிட்டு வந்து சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்தாய். ஹஸ்னா அழுதுகொண்டிருக்கிறாள் என்றாய். மூத்த மச்சி பரீதா உன் ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றாய்.

"கழட்டி எறிஞ்சிட்டு விடு மகன். கோழி இஞ்சயே கிடக்கட்டும். மாப்பிள்ளையா போன எடத்துல விருந்தாளி மாதிரி இரிந்திட்டு வா" என்றேன்.

நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, "எத்தின வருசத்துக்கு உம்மா விருந்தாளியா இரிக்கிற?" என்று கேட்டாய். நான் கறிச்சட்டியை உன் பக்கம் தள்ளி வைத்தேன். நீயே சொன்னாய்: "வேலில பிழ இல்ல உம்மா. நிண்ட எடத்துலதான் பிழ. அவங்க நடக்கிற பாதைய நான் பாக்கல்ல, கோழி நடக்கிறத மட்டும்தான் பாத்தன்."

மகன், அந்த இடத்தில் உன்னைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உன் வாப்பாவாக இருந்தால் ஒரு மாதம் முகம் கொடுத்திருக்க மாட்டார். நானாக இருந்தால் என் வேலி என் உரிமை என்று நின்றிருப்பேன், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு வந்திருப்பேன். எங்கள் இருவருக்கும் தெரிந்தது அந்த இரண்டும்தான். நீ அன்று பின்னேரமே போய் ஒவ்வொரு கதியாலாகப் பிடுங்கி, கம்பிவலையைச் சுருட்டி வைத்துவிட்டு, பரீதா வீட்டுக் குசினி வாசலில் போய் நின்றாயாம். ஹஸ்னாதான் எனக்கு இதைச் சொன்னாள். "மச்சி, நீங்க எந்தப் பாதையால நடக்கிற எண்டு ஒருக்கா நடந்து காட்டுங்க" என்று கேட்டாயாம். அவளுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டதாம். மணலில் தேய்ந்து கிடந்த அந்தப் பாதைகளை, குசினிக்குக் குசினி, குசினியிலிருந்து கிணற்றடி, கிணற்றடியிலிருந்து உடுப்புக் காயப்போடுகிற கொடி என்று மூன்று பேரும் நடந்து காட்ட, நீ தடியால் கோடு கீறிக்கொண்டே போனாயாம். உன் மாமி கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாராம்.

அந்தக் கோடுகள் ஒன்றும் போகாத இடம் ஒன்றுதான் மிஞ்சியது. கிணற்றுக்கும் அப்பால், பின்மதிலோடு ஒட்டி, மூன்று வளவுக்கும் குறுக்கே நீளமாகக் கிடந்த நிலம். முருங்கையும் தேசிமரமும் நிற்க, சருகு மூடி யாருக்கும் வேலையில்லாமல் கிடந்த இடம். நீ அங்கே கட்டினாய். மூன்று வீட்டு நிலமும் அதற்குள் இருக்கிறது, ஒருவருடைய பாதையும் அடைபடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக ஒரு வாசல் வைத்தாய். சகோதரிகள் மூன்று பேரும் முன்பிருந்தே வளர்க்கிற கோழிகளும், நான் தந்தால் உன் கோழிகளும், அதற்குள் ஒன்றாக நிற்கும் என்று நீ சொன்னபோது, பரீதா, "என்ட வாசல் அகலமா வேணும் தம்பி, நான் தீன் பேசினோட வாற" என்றாளாம். அவள் கட்டளை போட்ட அந்த நிமிஷம் விஷயம் முடிந்துவிட்டது. கோபமாக இருக்கிறவள் வாசலுக்கு அகலம் சொல்ல மாட்டாள்.

வாப்பா தன் பங்குக்கு மேலே போட வலை கொடுத்தார், அதையும் எழுதாமல் விட முடியாது. கடலில் மீன் பிடிக்கிற கரைவலையில் பங்கு வைத்திருந்த காலத்துப் பழைய வலை. பருந்துக்கும் காகத்துக்கும் அதைவிட நல்ல கூரை கிடையாது என்று நானும் சேர்ந்து சொன்னேன். கடற்கரையில் இருக்கிற நமக்கு வேறென்ன தோன்றும்? நீ அதை இழுத்துக் கட்டிய மறுநாள் நிந்தவூரில் இருக்கிற பூனையெல்லாம் உன் மாமி வீட்டு மதிலில் வந்து குந்திக்கொண்டு மேலே பார்த்தபடி இருந்தனவாம், மீன் எங்கே என்று. எத்தனை வருஷம் காய்ந்தாலும் வலையில் வாடை போகாது என்பது நமக்குத் தெரியவில்லை, நம் மூக்குக்கு அது வாடையே இல்லையே. வலையைக் கழற்றி, சவர்க்காரத் தூளில் ஊறப்போட்டு, வெயிலில் காயவிட்டு, மறுபடி ஊறப்போட்டு, பூனைகள் சலித்துப்போகும்வரை நீ விடவில்லை. வாப்பாவுக்கு மனம் நோகக் கூடாது என்று ஒரு வார்த்தை குறை சொல்லவும் இல்லை. பூனைக் கதை ஹஸ்னாவின் வாயால்தான் வந்தது.

பிறகு மாரி வந்தது. இந்த வருஷமும் மழை ஓயவில்லை. வயல் பக்கமெல்லாம் வெள்ளம் ஏற, அங்கே திரிந்த நாய்கள் ஊருக்குள் வந்துவிட்டன. ஒழுங்கைக்கு ஒழுங்கை கோழி போன கதைதான். ஒருநாள் விடிய ஸுபஹு தொழுதுவிட்டு உன் மாமி எனக்குப் போன் எடுத்தார்.

"மச்சி, வேலியச் சுத்தி நாய் கிண்டின குழி. ஒரு குழியில்ல, எத்தினையோ குழி. ஒரு கோழிட எறகும் விழல்ல. உங்கட மகன் கம்பிய மண்ணுக்குள்ளயும் தாட்டு, வெளிப்பக்கமா மடக்கி வெச்சிரிக்காரு மச்சி. கிண்டக் கிண்டக் கம்பிதான் வருது. நாய்க்கு வெக்கமாப் போய்ட்டு" என்று சொல்லிச் சிரித்தார்.

மழை விட்டதும் நான் வந்து பார்த்தேன். உன்னிடம் சொல்லாமல் வந்தேன், நீ கடையில் இருந்தாய். பரீட்சை எடுக்கிறவள் போலத்தான் வந்தேன், மறைக்கவில்லை. பிழை பிடித்தால் கோழி என்னிடம் இருக்கும், நீயும் வருவாய். வேலியைக் காலால் உதைத்துப் பார்த்தேன், அசையவில்லை. கீழ்ப்பகுதிக் கம்பியின் கண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், கீரிக்குட்டியும் நுழையாது. வாசலுக்கு மேலே ஒரு கொளுக்கி, கீழே ஒரு கொளுக்கி. வெள்ளம் தேங்கினால் ஏறி நிற்க ஒரு மூலையைக் கிறவல் மண் போட்டு உயர்த்தி, அதன்மேல் கால் வைத்த கூடு. பொழுதுபட, மஹ்ரிபுக்கு முன் யாராவது ஒருத்தி வந்து கூட்டை அடைத்துவிடுகிறாள், விடிந்ததும் இன்னொருத்தி திறந்துவிடுகிறாள். நிலத்தை நடுவில் மறித்து, ஒரு பாதியில் கோழி மேய மறு பாதியில் புல் வளர விட்டிருக்கிறாய். தேசிமரத்தின் கீழே சாம்பல் கலந்த மணலில் கோழிகள் குழி பறித்துப் படுத்து, கண்ணைச் செருகிக்கொண்டு மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டிருந்தன. நாய் பிடித்துவிடுமோ என்ற பயம் அவற்றுக்கு ஒரு துளியும் இல்லை. நீ அன்று வாப்பாவிடம் சொன்ன இடம் இதுதான். கானில்லை, குப்பையில்லை. இந்தக் கோழியை மூன்று நாள் கட்டி வைக்கவும் தேவையில்லை என்று உன் மாமி பெருமையாகச் சொன்னார். எவ்வளவு தேடியும் நான் கண்ட ஒரே பிழை வாசல் கொஞ்சம் பதிவு, குனிந்துதான் உள்ளே போக வேண்டும். என் முழங்கால் நோவை வைத்துச் சொல்கிற பிழை அது.

நான் குனிந்து நின்றபோதுதான் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு பெண் எட்டிப் பார்த்து, "பரீதா, இது ஆருகா கட்டின? எங்களுக்கும் ஒண்டு கட்டித் தருவாங்களா?" என்று கேட்டாள். பரீதா பேசினில் தவிட்டோடு தன் அகல வாசலால் வந்துகொண்டிருந்தாள். நான் உள்ளே நிற்பது அவளுக்குத் தெரியாது. "எங்கட தம்பி கட்டின" என்றாள்.

ஹஸ்னாவின் மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. கல்முனைக்குடிப் பொடியன் என்று சொல்லவில்லை. எங்கட தம்பி. எனக்குச் சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். நான் பெற்று வளர்த்தவனை இன்னொருத்தி அவ்வளவு இலேசாக எங்கட என்கிறாளே என்று. அடுத்த மூச்சில் அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். உன்னை அனுப்பிய நாளிலிருந்து நான் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தானே. அந்த வீட்டில் என் பிள்ளைக்கு ஓர் இடம் இருக்குமா, இல்லை ஒரு பெட்டியோடு வந்தவனாகவே இருந்துவிடுவானா என்று. உனக்கென்று ஓர் இடம் கேட்டு நீ யாரிடமும் சண்டை பிடிக்கவில்லை. எல்லோருக்கும் வாசல் வைத்துக் கொடுத்தாய், உனக்கும் அங்கே இடம் கிடைத்துவிட்டது. இந்தப் புத்தி எங்கள் இருவரிடமிருந்தும் உனக்கு வந்ததில்லை, அல்லாஹ் தந்தது.

இனி உம்மாவாகச் சில சொல்ல வேண்டும். மண்ணுக்குள் இருக்கிற கம்பி துருப்பிடிக்கும், மாரிக்கு மாரி கிண்டிப் பார். வேலை நல்லதென்று ஊரார் வந்து கூப்பிட்டால் கட்டிக்கொடு, ஆனால் முதலில் அந்த வீட்டுப் பெண்களை நடந்து காட்டச் சொல். ஹஸ்னா அன்று அழுதது உன் வேலிக்காக, உன் பக்கம் நின்று அழுதாள். அதை மறக்காதே. பரீதா தரும் வட்டிலப்பத்தை மிச்சம் வைக்காமல் தின்னு. வாப்பாவின் வலை கிழிந்தால் கடையில் வேறு வாங்காதே, அவரிடமே கேள். அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் ஓட்டோவில் வாப்பா கொண்டு வருவார். சேவல் தனிக் கூடையில், அது மற்றவற்றைக் கொத்தும். சிவத்தப் பேட்டை மட்டும் இங்கே வைத்துக்கொள்ளலாம் என்று நேற்றுவரை நினைத்தேன். ஒன்றாவது இருந்தால் நீ வருவாயே என்று. காலையில் அது ஒழுங்கையில் ஓட்டோவுக்குத் தப்பிக் கானுக்குள் பாய்ந்ததைப் பார்த்தேன். பிறகு வாப்பாவிடம், அதையும் கூடையில் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் அனுப்புகிறேன் மகன். என் மனம் சரியென்று சொல்லிவிட்டது. அல்லாஹ் உன் கையில் பறக்கத்தைத் தரட்டும், அந்த மூன்று வாசலையும் மூடாமல் வைக்கட்டும்.

சனிக்கிழமை இங்கே தீன் போட ஒரு கோழியும் இருக்காது. அதற்காகப் பஸாரில் எங்காவது தின்றுவிட்டு நிற்காதே. லுஹருக்குப் பிறகு உன் கோப்பையில் சோறு போட்டு மூடி வைத்திருப்பேன்.

உன் உம்மா